கடற்கரை மணலில் ஓர் ஆராய்ச்சி

சென்னைக் கடற்கரையை அறியாத தமிழர் அரியர். மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நாம், அம்மணலில் கால் புதைய நடந்த மாலைப்பொழுதுகளை நினைந்து ஏங்குவதுண்டு. ஆயினும், நம் பாதங்களின் கீழே, மணலுக்கும் மணலுக்கும் இடையே தங்கிய நீரில், கண்ணுக்கு எளிதிற் புலனாகாத சிற்றுயிர்கள் வாழ்வதை அன்று நாம் எண்ணினோமில்லை. அவற்றின் இனப்பெருக்கத்தை ஆராய்ந்த வரலாறு நாம் அறிந்து மகிழத்தக்கது.

1677-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு லேவன்ஹூக், தாமே தேய்த்தமைத்த சிறு கண்ணாடி வில்லையின் வழியே விந்தணுக்களைக் கண்டு எழுதினார். வாலசைத்து நீந்தும் அவ்வணுக்களின் பணி யாது என்பது தெளிவாக மேலும் இருநூறு ஆண்டுகள் ஆயின. விடையை அளித்தது கடலே. கடல் முள்ளெலியின் முட்டை ஒளி ஊடுருவும் தன்மையது. உள்ளே நிகழ்வதை நுண்பெருக்கியால் காணலாம். அம்முட்டையில் இரண்டு நியூக்ளியஸ்கள் கூடி ஒன்றாவதை 1876-இல் ஆஸ்கர் ஹெர்ட்விக் விளக்கினார். மறு ஆண்டில் ஹெர்மன் ஃபோல், நட்சத்திர மீனின் முட்டைக்குள் விந்தணு நுழைவதையே கண்டார்.

கடல் முள்ளெலியும் நட்சத்திர மீனும் முட்டையையும் விந்தையும் கடல் நீரில் கணக்கின்றிச் சொரிபவை. பல வீணாயினும் சில கூடும். மணலிடைச் சிற்றுயிருக்கு அத்தகைய ஊதாரித்தனம் இயலாது. அதன் உடலில் சில முட்டைகளுக்கே இடமுண்டு. ஆதலின் அவற்றுட் பல, விந்தைப் பெண்ணுயிரிடம் நேரே சேர்ப்பிக்கின்றன. விந்தணுவின் வடிவமும் இதற்கேற்ப மாறுகிறது. நீரில் சொரியப்படும் விந்தணுவுக்குச் சிறு தலையும், குறுகிய நடுப்பகுதியும், நீண்ட வாலும் உண்டு. உடலினுள்ளே செலுத்தப்படுவதோ பெரும்பாலும் நீண்டு மெலிந்திருக்கும். இத்தொடர்பை ஸ்வீடன் நாட்டு ஃபிரான்சேன் 1956-இல் விரிவாக எடுத்துரைத்தார்.

இத்துறையில் நம் நாட்டவரும் பின்தங்கினாரல்லர். சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த ஆர். கோபால ஐயரும் கே. எச். அலிகுஞ்ஞியும் சென்னைக் கடற்கரை மணலில் நூலினும் மெல்லியதொரு புழுவைக் கண்டு, 1940-இல் உலகுக்கு அறிவித்தனர். அக்கட்டுரை வெளிவந்தது கொல்கத்தா இந்தியப் பொருட்காட்சிச் சாலையின் வெளியீட்டில். அவர்கள் முதலில் இட்ட பேரினப் பெயர் வேறோர் உயிருக்கு முன்பே வழங்கியமையால், 1943-இல் அதனைப் பிசியோனிடென்ஸ் என மாற்றினர். இனப் பெயர் இண்டிகா.

இதன் உறவினங்களான கடற்புழுக்களுட் பெரும்பாலானவை விந்தைக் கடலில் விடுபவை. இப்புழுவோ அவ்வாறன்று. ஆணின் உடற்கணுக்கள் பலவற்றில் புணர்ச்சி உறுப்புக்கள் அமைந்துள்ளன. பெண்ணின் உடலில் விந்தை ஏற்று வைக்கும் பைகள் உள்ளன. இவ்வமைப்பை அலிகுஞ்ஞி விரித்தெழுதிய கட்டுரை, சர் சி. வி. ராமன் 1934-இல் பெங்களூரில் நிறுவிய இந்திய அறிவியல் கழகத்தின் வெளியீட்டில் 1951-இல் வந்தது.

ஒரு புழுவின் உறுப்பை ஆராய்வதால் நாட்டுக்கு என்ன பயன் என்று கேட்போர் உண்டு. அலிகுஞ்ஞியின் பிற்கால வாழ்வையே நாம் விடையாகக் காட்டலாம். ரோகு முதலிய பெருங்கெண்டைகள் ஆற்று வெள்ளத்தில் முட்டையிடுமேயன்றிக் குளத்தில் இடுவதில்லை. ஆற்றிலிருந்து வாரி வந்த குஞ்சுகளோடு வேண்டாத மீன்களும் கலந்துவிடும். மீன் வளர்ப்போர் இதனால் இடர்ப்பட்டனர். 1957 ஜூலை 10 அன்று, ஒடிசாவின் அங்குலில், ஹீராலால் சௌத்ரியும் அலிகுஞ்ஞியும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றைக் கெண்டைகளுக்கு ஊசிவழி செலுத்தி, அவற்றை முட்டையிடச் செய்து வெற்றி கண்டனர். அந்நாள் இன்று தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

சென்னை மணலில் தொடங்கிய ஓர் ஆராய்ச்சியாளரின் பணி, கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் அச்சேறி, ஒடிசாவில் மக்களுக்கு உணவளிக்கும் தொழிலாகக் கனிந்தது. ஊர்விட்டு ஊர் வந்து உழைக்கும் நமக்கு இது புதிய செய்தியன்று. அடுத்த முறை விடுமுறைக்குச் சென்னை செல்லும்போது, ஒரு பிடி ஈரமணலை அள்ளி நம் குழந்தைகளின் கையில் வைப்போம். இவ்வரலாற்றையும் உடன் சொல்வோம்.