கடிதத்திலிருந்து கைப்பேசிக்கு: அமெரிக்கக் கல்லூரிகள் வீரர்களைப் பிடித்த கதை

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு என்பது வெறும் பொழுதுபோக்கு அல்ல, பெரிய வியாபாரம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் ஸ்டேடியத்தில் மட்டும் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். (இது நம் கால்பந்து அல்ல, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டம்.) இந்த அணிகளுக்கு ஆட்கள் எங்கிருந்து வருகிறார்கள்? பள்ளிகளிலிருந்துதான். 16, 17 வயது மாணவர்களைத் தேடிப் பிடித்து, ஸ்காலர்ஷிப் தருகிறோம், எங்கள் கல்லூரிக்கு வாருங்கள் என்று அழைப்பதற்கு ரெக்ரூட்டிங் என்று பெயர். இன்று இதில் பெரும்பகுதி இணையத்தில் நடக்கிறது. ஆனால் கதை இணையத்துக்கு ரொம்ப முன்பே ஆரம்பித்துவிட்டது.

ஆரம்பமே விளம்பரம்தான்!

1852ல் ஹார்வர்டும் யேலும் நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள வின்னிபசாக்கி ஏரியில் படகுப் போட்டி நடத்தின. அமெரிக்காவில் இரண்டு கல்லூரிகள் மோதிய முதல் போட்டி இதுதான். செலவை ஏற்றுக்கொண்டது ஒரு ரயில் கம்பெனி. ஏன்? கூட்டம் வந்தால் டிக்கெட் விற்குமே! ஆக, கல்லூரி விளையாட்டு பிறக்கும்போதே பணத்தோடு பிறந்தது.

ஃபுட்பால் வளர்ந்தது, கூடவே முரட்டுத்தனமும் வளர்ந்தது. 1905ல் பல வீரர்கள் மைதானத்தில் உயிரிழந்தார்கள். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டே தலையிட்டார். அடுத்த ஆண்டு, 1906ல், கல்லூரிகள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தன. 1910ல் அதற்கு என்.சி.ஏ.ஏ. என்று பெயர் வந்தது. விளையாட்டுத் திறமைக்காகப் பணம் கொடுத்து மாணவனை இழுக்கக்கூடாது என்பது அதன் கொள்கை.

யாராவது கேட்டார்களா? 1929ல் கார்னகி அறக்கட்டளை நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. பெரும்பாலான கல்லூரிகள் ஏதோ ஒரு வழியில் வீரர்களுக்கு உதவி கொடுத்து இழுப்பது அம்பலமானது. 1948ல் என்.சி.ஏ.ஏ. கடுமையான விதி ஒன்றைக் கொண்டுவந்தது. மீறிய 7 கல்லூரிகளை நீக்க 1950ல் ஓட்டெடுப்பு நடந்தது. தேவையான மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டே விதி ரத்தானது. 1956ல், தடுக்க முடியாததை அனுமதித்துவிடலாம் என்று விளையாட்டு ஸ்காலர்ஷிப்பை முறைப்படி ஏற்றுக்கொண்டார்கள்.

கையெழுத்து யாரைக் கட்டியது?

அனுமதி வந்ததும் போட்டி வெறியானது. ஒரு மாணவனை வளைக்கக் கல்லூரிகள் கடைசி நிமிடம் வரை முட்டி மோதின. இதைக் கட்டுப்படுத்த 1964ல் நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்ற உறுதிப் பத்திரம் வந்தது. மாணவர் கையெழுத்திட்டால் மற்ற கல்லூரிகள் அவரை விட்டுவிட வேண்டும். அவரும் அந்தக் கல்லூரியில் ஓராண்டாவது படிக்க வேண்டும்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1973ல் என்.சி.ஏ.ஏ. ஸ்காலர்ஷிப்பை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியதாக மாற்றியது. பல ஆண்டுகளுக்குச் சேர்த்துத் தரும் முறை 2012ல்தான் திரும்ப வந்தது. இடைப்பட்ட காலத்தில் மாணவர் வேறு கல்லூரிக்கு மாறினால் பல சமயம் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும். கோச்சோ, அதிக சம்பளம் தரும் கல்லூரிக்கு அடுத்த மாதமே போகலாம். இந்த ஏற்றத்தாழ்வை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கண்ணில் படுவது எப்படி?

அந்தக் காலத்தில் கோச்சுக்குத் தெரிந்தால்தான் வாழ்வு. பள்ளி கோச் கடிதம் எழுத வேண்டும், அல்லது உள்ளூர்ப் பேப்பரில் பெயர் வர வேண்டும். இதில் ஒரு வழி திறந்தது கோடைக்கால முகாம்களில். ஹோவர்ட் கார்ஃபிங்கல் 1966ல் ஃபைவ் ஸ்டார் என்ற கூடைப்பந்து முகாமைத் தொடங்கினார். 1980ல் பிட்ஸ்பர்க்கில் நடந்த அந்த முகாமுக்கு வட கரோலினாவிலிருந்து அதிகம் அறியப்படாத ஒரு பையன் வந்தான். முகாம் முடியும்போது நாடு முழுக்க உள்ள கோச்சுகளுக்கு அவன் பெயர் தெரிந்திருந்தது. பெயர் மைக்கேல் ஜோர்டன்!

முகாமுக்கு வர முடியாதவர்கள் வீடியோ கேசட்டைத் தபாலில் அனுப்பினார்கள். பள்ளி கோச்சுகள் சனிக்கிழமை காலையில் காரில் போய், பாதி வழியில் சந்தித்து, எதிரணியின் டேப்பை வாங்கிக்கொள்வது வழக்கமாக இருந்தது.

இணையம் வந்தது

எந்தக் கல்லூரிக்கு எந்தப் பையன் போகிறான் என்று தெரிந்துகொள்ள ரசிகர்கள் 80களிலேயே காசு கொடுத்தார்கள். செய்தி மடல்கள் இருந்தன, நிமிடத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் தொலைபேசிச் சேவைகளும் இருந்தன. 1998ல் தொடங்கிய ரைவல்ஸ் தளம் இந்த ஆசையை இணையத்துக்குக் கொண்டுவந்தது. பள்ளி மாணவர்களுக்கு ஹோட்டலுக்குத் தருவது போல் ஸ்டார் கொடுத்தது. டாட்காம் சரிவில் 2001ல் விழுந்து, மறுபடி எழுந்து, 2007ல் யாஹூவுக்கு விற்கப்பட்டது. 2000ல் தொடங்கிய என்.சி.எஸ்.ஏ. போன்ற நிறுவனங்கள் வேறு வழியில் போயின. இவை குடும்பங்களிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு, மாணவரின் விவரங்களை இணையத்தில் ஏற்றிக் கோச்சுகளிடம் சேர்த்தன.

2006ல் நெப்ராஸ்கா மாநிலம் லிங்கன் நகரில் ஹடல் என்ற நிறுவனம் பிறந்தது. ஆட்ட வீடியோவை இணையத்தில் ஏற்றி, வெட்டி, அனுப்ப வழி செய்தது. சனிக்கிழமை கார் பயணம் முடிந்தது. சின்ன ஊர்ப் பையனின் மூன்று நிமிட வீடியோவை ஆயிரம் மைல் தள்ளி இருக்கும் கோச் பார்க்கலாம். இது நிஜமான நன்மைதான், மறுக்க முடியாது.

விதிகள் மட்டும் பின்னாலேயே ஓடி வந்தன. கோச் இத்தனை முறைதான் போன் செய்யலாம் என்று கட்டுப்பாடு இருந்தது. எஸ்.எம்.எஸ். போன் கணக்கில் வரவில்லை. விடுவார்களா? மாணவர்களின் செல்போனில் மெசேஜ் கொட்டியது. அப்போது வந்த மெசேஜுக்கும் காசு போகும் காலம், பில் எகிறியது. 2007 ஆகஸ்ட் முதல் கோச்சுகள் எஸ்.எம்.எஸ். அனுப்ப என்.சி.ஏ.ஏ. தடை போட்டது. ஆனால் இமெயிலுக்குத் தடை இல்லை, ஃபேஸ்புக் தனிச்செய்தியும் இமெயில் கணக்கில் சேர்ந்தது. கைப்பேசியிலேயே இமெயில் வந்த பிறகு அந்தத் தடைக்கு என்ன அர்த்தம்? கூடைப்பந்தில் 2012லும் ஃபுட்பாலில் 2016லும் தடை நீங்கியது. 2016 ஆகஸ்ட் முதல் கோச், மாணவரின் பதிவுக்கு லைக் போடலாம், பகிரலாம், ஆனால் கமெண்ட் எழுதக்கூடாது!

ஆஃபர் என்றால் என்ன?

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. 2010ல் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் கோச் லேன் கிஃபின், 13 வயதுப் பையன் ஒருவனின் வீடியோவைப் பார்த்து ஸ்காலர்ஷிப் ஆஃபர் கொடுத்தார். நாடே பேசியது. 2013ல் கிஃபின் வேலையை இழந்தார். அந்தப் பையன் கடைசியில் மேற்கு வர்ஜீனியாவில், வேறு பொசிஷனில் ஆடிப் பெயர் எடுத்தான். வாயால் சொல்லும் ஆஃபர் இரண்டு பக்கமும் கட்டுப்படுத்தாது. ஆனால் 13 வயதுப் பையன் அதை வாக்குறுதியாக நம்புகிறான், கோச்சுக்கோ அது முன்பதிவு மட்டுமே.

ட்விட்டர் வந்த பிறகு ஆஃபர் கிடைத்ததை அறிவிப்பதே ஒரு சடங்காகிவிட்டது. அந்த மயக்கம் எவ்வளவு பெரியது என்பதற்கு 2008ல் நெவாடாவில் நடந்ததைப் பாருங்கள். எந்தக் கல்லூரியும் அழைக்காத ஒரு பள்ளி மாணவன், பள்ளி அரங்கில் கேமராக்கள் முன்னால் இரண்டு தொப்பிகளை வைத்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். பிறகுதான் எல்லாம் கற்பனை என்று தெரிந்தது. சிரிக்கத் தோன்றவில்லை, பாவமாகத்தான் இருக்கிறது.

பணக்காரர்கள் செய்தது வேறு. 2019 மார்ச்சில் வெளிவந்த வழக்கில், ரிக் சிங்கர் என்ற ஆலோசகர் ஆட்டமே தெரியாத பிள்ளைகளுக்கு விளையாட்டு வீரர் புரொஃபைல் தயாரித்து, கோச்சுகளுக்கு லஞ்சம் கொடுத்துப் பெரிய கல்லூரிகளில் சேர்த்தது தெரிந்தது. சிலரின் போட்டோக்கள்கூட ஒட்டுவேலை!

தராசு கொஞ்சம் சாய்ந்தது

2018 அக்டோபரில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்ற இணையப் பட்டியல் வந்தது. வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் மாணவரின் பெயர் அதில் ஏறினால் எல்லாக் கோச்சுகளும் அணுகலாம். 2020 மார்ச் முதல் 2021 மே வரை கொரோனாவால் நேரடிச் சந்திப்பு முற்றிலும் நின்றது. பல மாணவர்கள் கல்லூரியை வீடியோவில் மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுத்தார்கள். 2021 ஜூலையில் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க வீரர்களுக்கு அனுமதி கிடைத்தது. 2024 அக்டோபரில் 60 ஆண்டு பழைய உறுதிப் பத்திரம் ஒழிந்தது. 2025 ஜூனில் ஒரு நீதிமன்ற உடன்பாடு வழியாக, கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்றானது.

நல்லதுதானே? கல்லூரிக்குள் இருப்பவர்களுக்கு நல்லது. ஆனால் போர்ட்டலில் 21 வயது அனுபவசாலி கிடைக்கும்போது, 17 வயதுப் புதியவரை வளர்த்தெடுக்க எந்தக் கோச் காத்திருப்பார்? வெளியே நிற்கும் பள்ளி மாணவருக்கு வாசல் குறுகுகிறது. ஏற்கனவே அது அகலமானதும் அல்ல. பள்ளி வீரர்களில் சுமார் 2 சதவீதம் பேருக்குத்தான் கல்லூரி விளையாட்டு ஸ்காலர்ஷிப் ஏதாவது கிடைக்கிறது என்பது என்.சி.ஏ.ஏ. சொல்லும் கணக்கு. பெரும்பாலான விளையாட்டுகளில் அதுவும் முழுச் செலவுக்கு வராது.

கடிதம், கேசட், எஸ்.எம்.எஸ்., ட்விட்டர் என்று கருவி மாறும்போதெல்லாம் தேடுகிற கோச்சின் வேலை சுலபமானது. தேடப்படுகிறவர் கண்ணில் படுவதற்கான செலவு மட்டும் மெல்ல மெல்ல அவருடைய வீட்டின் தலையில் இறங்கியது. வீடியோ எடுப்பது, முகாமுக்குப் போவது, புரொஃபைலுக்குப் பணம் கட்டுவது எல்லாம் இப்போது அப்பா அம்மா கணக்கில்! இணையம் எல்லோரையும் பார்வைக்கு வைத்தது உண்மை. ஆனால் இடங்களின் எண்ணிக்கையை அது கூட்டவில்லை. லைக் வந்ததா என்று பார்ப்பதைவிட, ஸ்காலர்ஷிப் எழுத்தில் வந்ததா, எத்தனை வருடத்துக்கு என்று கேட்கும் குடும்பம்தான் இந்தச் சந்தையில் ஏமாறாமல் தப்பிக்கும்.