எந்த வருசத்து ஒரிஜினல்?

பழைய கார் ஒன்றைத் திருத்துகிற எல்லாரும் "ஒரிஜினல் நிலைக்குக் கொண்டு வாறம்" என்றுதான் சொல்லுவினம். எந்த வருசத்து ஒரிஜினல்? தொழிற்சாலையை விட்டு வந்த நாளா, எங்கட றோட்டில் ஓடின நாளா? யாழ்ப்பாணத்தின் 'ஏ போட்டி'யை வைத்து இதை யோசித்துப் பார்ப்பம்.

ஒஸ்ரின் ஏ40 டெவன் 1947 இலிருந்து 1952 வரை இங்கிலாந்தின் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. பிறகு 1954 வரை சோமசெற் வந்தது. 1200 சிசி எஞ்சின், கிட்டத்தட்ட 40 குதிரைவலு. உலகப்போர்க் கடனில் நின்ற பிரித்தானியா, ஏற்றுமதி செய்கிற கொம்பனிகளுக்கே உருக்கை முன்னுரிமையோடு கொடுத்தது. அதனால் இந்தக் கார்கள் உலகமெல்லாம் போயின. யாழ்ப்பாணத்தில் அவை வாடகைக் கார்களாகி, கலியாணம், ஆஸ்பத்திரி, கோயில் என்று எல்லாத்துக்கும் ஓடின.

முதலில் நம்பர் பிளேற்றைப் பாருங்கோ. தொடக்கத்தில் வந்த கார்களில் இருந்தவை ஆங்கில எழுத்துகள். 'சிலோன்' என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து இரண்டிரண்டாக எடுத்தவை. 1957 இல் புதுப் பதிவுகளுக்குச் சிங்கள 'ஸ்ரீ' வந்தது. வடக்கு கிழக்கில் அதை எதிர்த்துத் தார் பூசினார்கள். பதிலுக்குக் கொழும்பில் கடைப் பலகைகளின் தமிழ் எழுத்துகளில் தார் விழுந்தது. 1958 மே மாதம் கலவரம் வெடித்தது. ஒரு தகட்டில் இருக்கும் எழுத்து அவ்வளவு பெரிய விசயமாக இருந்தது.

அடுத்தது எரிபொருள். 1990 இலிருந்து குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல் கிடைத்தால் அது தங்கம். அப்ப கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் இலேசில் ஆவியாகாது. அதனால் ஒரு சின்னப் போத்திலில் இருந்து கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவினம். பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு, காபரேற்றரும் எளிமையானது. அதனால்தான் இது சரிவந்தது. ஆனால் வால்வுகளில் கரி பிடிக்கும், எரியாத எண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும். உதிரிப்பாகமும் வராது. அதையும் சமாளித்து ஓட வைத்தது எங்கட மெக்கானிக்மாரின் கை.

2002 இல் ஏ9 பாதை திறந்தது. பெற்றோல் வந்தது, புது வாகனங்களும் வந்தன. இப்ப ஏ போட்டியைத் தேடிப் பிடித்து, தகரத்தைத் தட்டி, பளபளக்கப் பெயின்ற் அடித்து, கலியாண வீட்டுக்கு விடுகினம். வடிவாகத்தான் இருக்கு. ஆனால் திருத்தும்போது முதலில் குப்பைக்குப் போறது எது? அந்தப் போத்தில், அந்தக் குழாய், இரும்புக் கடையில் எடுத்து ராவிப் பொருத்தின துண்டு. 'ஒரிஜினல் இல்லை' என்ற ஒரே குற்றத்துக்காக.

பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான 1964 வெனிஸ் சாசனம், ஒரு கட்டடத்தில் எல்லாக் காலமும் சேர்த்த நல்ல பங்களிப்புகளை மதிக்கச் சொல்லுது. அதைப் பின்பற்றி, பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு 2012 இல் டூரின் சாசனத்தை ஏற்றது. அதன்படியும் ஒரு வாகனம் பிறந்த நாள் மட்டும் அதன் வரலாறு இல்லை.

காரைத் திருத்தவே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. துருப்பிடித்த தகரத்தை மாற்றத்தான் வேணும், பிரேக் பிடிக்கத்தான் வேணும். ஆனால் கழற்ற முதல் படம் எடுங்கோ. கழற்றினதை ஒரு பெட்டியில் போட்டு, எந்த இடத்தில் இருந்தது என்று எழுதி வையுங்கோ. மண்ணெண்ணெயில் ஓட்டின அந்த ஐயாமாரிடம் போய்க் கேட்டு ஒலிப்பதிவு செய்யுங்கோ. லோங்பிரிட்ஜில் இந்தக் காரை எப்படிச் செய்தார்கள் என்பதற்கு இங்கிலாந்தில் புத்தகங்கள் இருக்கு. அது யாழ்ப்பாணத்தில் எப்படி உயிரோடு இருந்தது என்பது அவர்களின் வாயில்தான் இருக்கு, அவர்களுக்கும் வயது போகுது.