மறையுரைக்குத் துணை நின்ற இசை

பெரிய வெள்ளியன்று நாம் தியானிக்கும் ஆண்டவரின் ஏழு திருவாக்குகளுக்கு இசையமைத்துத் தரும்படி, 1780-களில் ஸ்பெயின் நாட்டுக் காடிஸ் நகரிலிருந்து ஜோசப் ஹைடனைக் கேட்டார்கள்.

அங்கே ஆலயத்தின் சுவர், சன்னல், தூண் எல்லாம் கறுப்புத் துணியால் மூடியிருக்கும். நடுவில் ஒரே ஒரு பெரிய விளக்கு. ஆயர் ஒரு திருவாக்கைச் சொல்லி, விளக்கி, இறங்கிவந்து பீடத்தின்முன் முழந்தாளிடுவார். அந்த இடைவேளைக்குத்தான் இசை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய பத்து நிமிடம். ஏழுமே மெதுவான நடை. கேட்போர் சலிக்காமல் இதை அமைப்பது எளிதாயில்லை என்று ஹைடனே எழுதினார். பாடகர் இல்லை, சொல்லும் இல்லை. கடைசியில் மட்டும் நிலநடுக்கம் அதிர்கிறது. (மௌனத்துக்கு அஞ்சி உடனே பாட்டெடுக்கும் நம் பாடகர் குழுக்கள் கவனிக்க!)

1796-இல் அவரே அதைப் பாடகர் குழுவுக்கும் அமைத்தார். நமக்கென்னவோ சொல்லில்லாத முதல் வடிவமே மனத்தில் நிற்கிறது.