ராமேசுவரம்–தலைமன்னார் கப்பல்: சரக்கோடு குடியுரிமையையும் சுமந்த வழித்தடம்

தமிழகத்தையும் இலங்கையையும் 70 ஆண்டுகள் இணைத்த பயணிகள் மற்றும் சரக்குக் கப்பல் சேவை 1984-இல் நின்றுபோனது. அதைச் சுற்றுலாவோடும் தனுஷ்கோடிப் புயலோடும் மட்டுமே பலர் நினைவுகூர்கின்றனர். ஆனால் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் இருந்து பல லட்சம் தமிழர்கள் இந்தியக் குடிமக்களாகத் தாயகம் திரும்பியது இக்கப்பலில்தான். அது நின்றபோது இந்தியக் கடவுச்சீட்டுடன் காத்திருந்த பல்லாயிரம் பேர் எந்த நாட்டிலும் சேராமல் நின்றனர். அதன் விளைவுகள் தமிழகத்தின் அகதி முகாம்களிலும் நீதிமன்றங்களிலும் இன்றும் தொடர்கின்றன.

பாம்பன் ரயில் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. அதையொட்டி தென்னிந்திய ரயில்வே நிறுவனம் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல்களை இயக்கத் தொடங்கியது. அதற்கு முன் கொழும்பு செல்வோர் தூத்துக்குடியில் கப்பலேறி ஓரிரவு முழுவதும் கடலில் கழிக்க வேண்டியிருந்தது. புதிய வழியில் கடற்பயணம் 40 கிலோமீட்டருக்கும் குறைவு; ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அக்கரை சேரலாம். சென்னை எழும்பூரில் கொழும்பு வரைக்கும் ஒரே பயணச்சீட்டு கிடைத்தது. தனுஷ்கோடி வரை மீட்டர் பாதை ரயில், பின்னர் கப்பல், தலைமன்னார் இறங்குதுறையில் இருந்து இலங்கை அரசு ரயில் என மூன்று கட்டமாகப் பயணம் அமைந்தது. 'போட் மெயில்' என்ற பெயர் இப்படி வந்ததே.

தொடக்கத்தில் கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என வைசிராய்களின் பெயர் தாங்கிய கப்பல்களும், பின்னர் இர்வின், கோஷன் ஆகியவையும் இத்தடத்தில் ஓடின. அஞ்சல் மூட்டைகள், பார்சல்கள், துணி, உணவுப் பொருட்கள் ஆகியவை பயணிகளோடு ஒரே கப்பலில் சென்றன. சுங்கச் சோதனை, ரயிலில் இருந்து சரக்கை இறக்கிக் கப்பலில் ஏற்றுதல், அக்கரையில் மீண்டும் ரயிலேற்றுதல் ஆகியவைதான் துறைமுகத்தின் அன்றாட வேலை. அந்த வேலையை நம்பி தனுஷ்கோடியில் ரயில் நிலையம், சுங்க அலுவலகம், அஞ்சலகம், மருத்துவமனை, பள்ளி என ஒரு சிறு நகரமே உருவானது.

தகரத் துண்டில் தோட்டத்தின் எண்

மேல்வகுப்பில் சென்ற அதிகாரிகளையும் வணிகர்களையும் விட, அடித்தளத்தில் சென்றவர்களின் எண்ணிக்கையே இக்கப்பலுக்கு வருவாய் தந்தது. திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம், சேலம் பகுதிகளில் இருந்து கங்காணிகள் வழியாகத் திரட்டப்பட்ட தோட்டத் தொழிலாளர்களே அவர்கள். முந்தைய தலைமுறையினர் பாய்மரப் படகுகளில் மன்னார் கரையேறி, அங்கிருந்து காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். காலராவாலும் காய்ச்சலாலும் வழியிலேயே இறந்தோர் ஏராளம். கப்பலும் ரயிலும் அந்த மரணங்களைக் குறைத்தன என்பதை மறுக்க இயலாது.

ஆனால் தொழிலாளர் அனுப்பப்பட்ட முறை சரக்கு அனுப்பும் முறையைப் பெரிதும் ஒத்திருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த 'தகரத் துண்டு' முறையில், சேர வேண்டிய தோட்டத்தின் எண் பொறிக்கப்பட்ட உலோக வில்லை ஒவ்வொரு தொழிலாளருக்கும் வழங்கப்பட்டது. அதைக் காட்டினால் வழிச்செலவை அரசு ஏற்று, பின்னர் தோட்ட நிர்வாகத்திடம் வசூலித்துக்கொண்டது. கப்பலேறும் முன் நோய்த் தடுப்புக்காக மண்டபம் முகாமில் அவர்கள் சில நாட்கள் தனிமைப்படுத்தப்பட்டனர். இந்திய மண்ணில் இருந்தும் அம்முகாம் இலங்கை அரசின் பொறுப்பில் இயங்கியது.

உடலுழைப்புத் தொழிலாளர்கள் இலங்கைக்குச் செல்வதை 1939 ஆகஸ்டில் இந்திய அரசு தடை செய்தது. அதன்பின் கப்பலில் பெருங்கூட்டம் எதிர்த்திசையில் வருவதற்கு மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று.

ஒப்பந்தமும் புயலும்

சுதந்திர இலங்கை 1948-இல் இயற்றிய குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று பிரதமர்கள் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், 9,75,000 பேரைக் கணக்கிட்டுப் பங்கிட்டது. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என முடிவானது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் பாதிப் பாதியாக ஏற்பதென 1974-இல் இந்திரா காந்தி காலத்தில் முடிவு செய்யப்பட்டது. எந்தக் கட்டத்திலும் அந்த மக்களின் கருத்து கேட்கப்படவில்லை.

ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதங்கள் நிறைவதற்குள், 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனில் இருந்து சென்ற பயணிகள் ரயில் ஆட்களோடு அலையில் மூழ்கியது. ரயில் பாதையும் துறைமுகமும் மீண்டும் அமைக்கப்படவில்லை. பின்னாளில் கப்பல் சேவை ராமேசுவரத்தில் இருந்து தொடங்கியபோது, ஒப்பந்தப்படி வருவோரை ஏற்றி வரும் சுமையும் அதன்மீது விழுந்தது. ராமானுஜம் என்ற கப்பல் அக்காலப் பயணிகளின் நினைவில் அழியாத பெயர்.

கண்டியில் உள்ள இந்தியத் துணைத் தூதரகம் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் வழங்கியது. மறுவாழ்வு உதவி இன்னது, அனுப்பப்படும் இடம் இன்னது என அந்த அட்டையே தீர்மானித்தது. ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு இந்தியக் குடியுரிமையும் தம்பிக்கு இலங்கைக் குடியுரிமையும் கிடைத்த நிகழ்வுகள் உண்டு. மலையகத்தில் இருந்து தலைமன்னாருக்கு இவர்களை ஏற்றிச் சென்ற ரயிலை மக்கள் 'அழுகைக் கோச்சி' என்றனர். கோச்சி என்பது அங்கு ரயிலுக்கு வழங்கும் சொல்.

ராமேசுவரத்தில் இறங்கியவர்கள் அதே மண்டபம் முகாமுக்கே அழைத்துச் செல்லப்பட்டனர். பாட்டனார் இலங்கை செல்லும்போது தங்கிய இடத்தில் பேரன் திரும்பி வரும்போது தங்கினான். இவ்வாறு பிள்ளைகளையும் சேர்த்து நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். நீலகிரியில் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமும், கேரளத்தின் புனலூரில் மறுவாழ்வுத் தோட்ட நிறுவனமும் இவர்களுக்கு வேலை அளிப்பதற்காக உருவானவை. பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களுக்கு அப்பால், கன்னியாகுமரி மாவட்ட மலையடிவாரத்தில் உள்ள அரசு ரப்பர் கழகத் தோட்டங்களிலும் தாயகம் திரும்பியோர் குடியமர்த்தப்பட்டனர். தேயிலைக் கொழுந்து பறித்துப் பழகிய கைகள் அங்கு பால்வெட்டக் கற்றுக்கொண்டன. சிறு வணிகக் கடன் பெற்றுச் சமவெளிக்கு அனுப்பப்பட்டவர்களில் பலர், அறியாத தொழிலில் அக்கடனை இழந்து மீண்டும் மலைத் தோட்டங்களைத் தேடிச் சென்றனர்.

கப்பல் நின்றபின்

ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டதாக 1982-இல் இந்தியா அறிவித்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் இனக்கலவரம் வெடித்தது. 1984-இல் கப்பல் சேவை நிறுத்தப்பட்டபோது, இந்தியக் குடியுரிமை பெற்றும் புறப்படாத 80,000-க்கும் மேற்பட்டோர் இலங்கையில் இருந்தனர். காகிதத்தில் இந்தியர்கள், இந்தியாவுக்கு வர வழியில்லை. இவர்களுக்கும் விண்ணப்பித்துக் காத்திருந்தவர்களுக்கும் இலங்கை நாடாளுமன்றம் 2003-இல் நிறைவேற்றிய சட்டமே குடியுரிமை தந்தது. அதுவரை 19 ஆண்டுகள் கடந்திருந்தன.

கலவரத்தில் உயிர் தப்ப மீன்பிடிப் படகுகளில் ராமேசுவரம் வந்த மலையகத் தமிழர்களின் நிலை இன்னும் சிக்கலானது. ஒப்பந்தப்படி கப்பலில் வந்தவர் 'தாயகம் திரும்பியோர்' எனக் குடியுரிமை பெற்றார். அதே ஊர், அதே மரபு கொண்டவர் படகில் வந்தால் அகதி. சட்டத்தின் பார்வையில் உரிய ஆவணமின்றி நுழைந்த வெளிநாட்டவர். திருச்சி மாவட்டத்தின் கொட்டப்பட்டு உள்ளிட்ட முகாம்களில் வசித்த 65 பேர் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். அவர்கள் இந்திய வம்சாவளியினர் என்பதைக் கருத்தில் கொண்டு விண்ணப்பங்களைப் பரிசீலிக்குமாறு சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2019 ஜூனில் உத்தரவிட்டது. அவர்களின் நிலைக்கு அடிப்படைக் காரணம், குறித்த காலத்தில் கிடைக்காத ஒரு கப்பல் பயணமே.

கடல்வழியை மீண்டும் திறக்கும் முயற்சிகள் நீடிக்கவில்லை. 2011 ஜூனில் தூத்துக்குடி–கொழும்பு இடையே ஸ்காட்டியா பிரின்ஸ் என்ற கப்பல் தொடங்கி, சில மாதங்களிலேயே நின்றது. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினம்–காங்கேசன்துறை தடத்தில் செரியபாணி ஓடத் தொடங்கி ஒரே வாரத்தில் ஓய்ந்தது. 2024 ஆகஸ்டில் அத்தடத்தில் சிவகங்கை என்ற கப்பல் சேவையைத் தொடங்கியது. வடகிழக்குப் பருவமழைக் காலம் அதற்கும் இடையூறுதான்.

பழைய தடத்தில் போரால் சிதைந்த தலைமன்னார் ரயில் பாதை இந்திய உதவியுடன் சீரமைக்கப்பட்டு 2015 மார்ச்சில் திறக்கப்பட்டது. இக்கரையில் புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் பயன்பாட்டுக்கு வந்தது. ராமேசுவரம்–தலைமன்னார் கப்பல் சேவையை விரைவில் தொடங்கப் பாடுபடுவதாக, இலங்கை அதிபர் அநுர குமார திசாநாயக்கவின் 2024 டிசம்பர் டெல்லி வருகையின்போது வெளியான கூட்டறிக்கையில் இரு நாடுகளும் தெரிவித்தன.