அக்டோபர் ஆட்டங்களை எடைபோடுதல்: மூன்று பிட்சர்களை முன்வைத்து

1977 அக்டோபர் 9 அன்று, அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் கடைசி ஆட்டத்தில், யாங்கீஸ் மேலாளர் பில்லி மார்ட்டின் ரெஜி ஜாக்சனைத் தொடக்க அணியில் சேர்க்காமல் வெளியே உட்காரவைத்தார். அத்தொடர் முழுவதிலும் ஜாக்சனுக்குக் கிடைத்தவை 16 வாய்ப்புகளில் 2 ஹிட்கள்தாம். ஒன்பது நாள் கழித்து, டாட்ஜர்ஸுக்கு எதிரான உலகத் தொடரின் ஆறாம் ஆட்டத்தில், அதே ஜாக்சன் ஹூட்டன், சோசா, ஹஃப் என்ற மூன்று பிட்சர்களின் முதல் பந்துகளையே அடித்து மூன்று ஹோம் ரன்கள் எடுத்தார். ‘மிஸ்டர் அக்டோபர்’ என்ற பட்டம் அவரோடு ஒட்டிக்கொண்டது. ஒன்பதாம் தேதியும் அதே அக்டோபரில்தான் வந்தது என்பதைப் பட்டத்தைக் கொண்டாடியவர்கள் கணக்கில் கொள்ளவில்லை.

பேஸ்பால் எழுத்தில் பெரிய அக்டோபர் ஆட்டங்கள் பெரும்பாலும் ஆட்டக்காரரின் குணத்துக்குச் சான்றாகவே வாசிக்கப்படுகின்றன: நெருக்கடியில் நிமிர்பவர், நெருக்கடியில் தளர்பவர் என இரு இனங்கள். இந்த வாசிப்பைப் புள்ளியியலாளர்கள் நீண்ட காலமாக மறுத்துவருகிறார்கள். 1977இலேயே டிக் கிராமர், நெருக்கடித் தருணங்களில் ஓராண்டு சிறந்தவர்கள் அடுத்த ஆண்டும் அப்படியே இருப்பதில்லை என்று காட்டினார். டெரெக் ஜீட்டர் இன்னும் தெளிவான சான்று. வழக்கமான பருவங்களில் அவருடைய மட்டைச் சராசரி .310. ஏறக்குறைய ஒரு முழுப் பருவத்துக்கு ஈடான 158 பின்பருவ ஆட்டங்களில் அது .308. அக்டோபர் அவரை வேறொருவராக மாற்றவில்லை.

இம்மறுப்பு சரியானதே. ஆனால் அது ஆளைப் பற்றியது, செயலைப் பற்றியதன்று. குணம் என்று ஒன்று இல்லையென்றால் அந்த ஆட்டமும் வெறும் தற்செயல் என்று சொல்லிவிடுகிறவர்கள் இரண்டையும் குழப்புகிறார்கள். டான் லார்சன் 1954இல் 3 வெற்றி, 21 தோல்வி கண்டவர். 1956 உலகத் தொடரின் இரண்டாம் ஆட்டத்தில் ஆறு ஓட்ட முன்னிலையைக் கையில் வைத்துக்கொண்டும் இரண்டு இன்னிங்ஸ்கூட நிலைக்கவில்லை. மூன்று நாள் கழித்து, அக்டோபர் 8 அன்று, 97 பந்துகளில் 27 பேரையும் வரிசையாக வெளியேற்றினார். லார்சனை மேதை என்று யாரும் சொல்லமாட்டார்கள். அந்த ஆட்டத்தின் பெருமை அதனால் குறைந்துவிடுமா?

ஆக, எடைபோட வேண்டியது செயலை. அதற்கான அளவுகோல் வெறும் எண்ணிக்கை அன்று. அக்காலத்து வழக்கப்படி ஒருவர் தோளில் ஏற்றப்படும் சுமைக்கும் உண்மையில் அவர் ஏற்றுக்கொண்ட சுமைக்கும் உள்ள இடைவெளியே அது என்பது இக்கட்டுரையின் வாதம்.

எண்களை மட்டும் பார்த்தால் கிறிஸ்டி மேத்யூசனை மிஞ்ச ஆளில்லை. 1905 உலகத் தொடரில் நியூயார்க் ஜயண்ட்ஸுக்காக அக்டோபர் 9, 12, 14 ஆகிய நாள்களில் மூன்று முழு ஆட்டங்கள். 27 இன்னிங்ஸில் ஓர் ஓட்டம்கூடக் கொடுக்கவில்லை. 18 ஸ்ட்ரைக் அவுட். ஒரே ஒரு வாக். ஆனால் அத்தொடரின் ஐந்து ஆட்டங்களிலுமே தோற்ற அணி ஓட்டம் எடுக்கவில்லை. பிலடெல்பியாவின் சீஃப் பெண்டரும் மேத்யூசனின் சகா ஜோ மெக்கினிட்டியும் ஆளுக்கொரு முறை அதையே செய்தார்கள். ஆட்டத்தைத் தொடங்கியவரே முடித்தும் வைப்பது அக்காலத்தின் சாதாரண எதிர்பார்ப்பு. மேத்யூசன் தம் காலத்து வழக்கத்தை ஒப்பற்ற முறையில் நிறைவேற்றினார், மீறவில்லை.

சான் பிரான்சிஸ்கோவின் மேடிசன் பம்கார்னர் 2014 உலகத் தொடரில் மீறினார். அவ்வாண்டு தொடக்கப் பிட்சர் ஆட்டத்தை முடித்துவைத்த சந்தர்ப்பங்கள் நூற்றில் மூன்றுக்கும் குறைவு. எதிரணியான கான்சஸ் சிட்டி ராயல்ஸ் ஏழாம், எட்டாம், ஒன்பதாம் இன்னிங்ஸை ஹெரேரா, டேவிஸ், ஹாலண்ட் என மூவருக்குப் பங்கிட்டே இறுதிவரை வந்திருந்தது. இந்தச் சூழலில் பம்கார்னர் ஐந்தாம் ஆட்டத்தில் 117 பந்துகள் எறிந்து, ஓட்டம் கொடாமல் ஒன்பது இன்னிங்ஸையும் முடித்தார். இரண்டே நாள் ஓய்வு. ஏழாம் ஆட்டத்தில் சான் பிரான்சிஸ்கோவின் டிம் ஹட்சன் இரண்டாம் இன்னிங்ஸிலேயே வெளியேற்றப்பட்டார். 3-2 என்ற முன்னிலையோடு ஐந்தாம் இன்னிங்ஸில் பம்கார்னர் வந்தார். 68 பந்துகளில் ஐந்து இன்னிங்ஸ், பூஜ்யம் ஓட்டம். அந்தப் பின்பருவத்தில் அவர் எறிந்தது 52⅔ இன்னிங்ஸ். அதற்கு முன் எவரும் எட்டாத அளவு. பருவத்து ஆட்டங்களையும் சேர்த்தால் 270. மேத்யூசனுக்கு 27 இன்னிங்ஸில் பூஜ்யம், பம்கார்னருக்கு அத்தொடரில் 21 இன்னிங்ஸில் ஓர் ஓட்டம். இருந்தும் பின்னதையே பெரிது என்கிறேன்.

இதற்கு வலுவான எதிர்வாதம் உண்டு: இது தனியாள் செயல்தானா? மூன்றாம் இன்னிங்ஸில் ஜோ பேனிக் பாய்ந்து தடுத்து உருவாக்கிய இரட்டை அவுட் இல்லையென்றால் காக்க முன்னிலையே இருந்திருக்காது. ஐந்தாம் இன்னிங்ஸில் நோரி ஆவோகியின் அடியை இடது மூலையில் ஓடிப் பிடித்தவர் ஹுவான் பெரெஸ். அதிகாரப்பூர்வக் கணக்கர்கூட வெற்றியை முதலில் பம்கார்னருக்கு எழுதி, பிறகு ஜெரமி ஆஃபெல்டுக்கு மாற்றினார். எல்லாம் உண்மை. எனினும் சுமை என்ற அளவுகோல் விளைவை முழுதாக ஒருவருக்கு உரிமையாக்குவதில்லை. பம்கார்னரை அனுப்பியிராவிட்டால் அந்த இன்னிங்ஸ்களை எத்தனை பேர் பங்கிட்டிருப்பார்கள் என்று மட்டுமே கேட்கிறது.

விருது வழங்குவோர் அப்படிக் கேட்பதில்லை. உலகத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது தோற்ற அணிக்குப் போனது ஒரே முறை, 1960இல் பாபி ரிச்சர்ட்சனுக்கு. 2020இல் 10 ஹோம் ரன்களோடு பின்பருவச் சாதனை படைத்த ராண்டி அரோசரேனாவுக்கு அது கிட்டவில்லை. அவருடைய அணியான டாம்பா பே தோற்றுவிட்டது.

2025 உலகத் தொடரில் இவ்வளவுகோலுக்குக் கடுமையான சோதனை வந்தது. டாட்ஜர்ஸின் யோஷினோபு யமமோட்டோ இரண்டாம் ஆட்டத்தை முழுதாக முடித்தார். ஆறாம் ஆட்டத்தில் 96 பந்துகள். மறுநாளே, ஏழாம் ஆட்டத்தின் ஒன்பதாம் இன்னிங்ஸில், 4-4 என்ற சமநிலையில், இருவர் பேஸில் நிற்க, டொராண்டோவில் மீண்டும் களமிறங்கினார். வந்ததும் ஒருவரைப் பந்தால் அடித்து மூன்று பேஸ்களையும் நிரப்பினார். இரண்டு பேர் அவுட்டான நிலையில் டொராண்டோவின் எர்னி கிளெமெண்ட் தூக்கி அடித்த பந்தை, சற்றுமுன் மாற்றாக வந்திருந்த ஆண்டி பாஹெஸ், சகா கீகே எர்னாண்டஸ் மீது மோதியபடி பிடித்தார். ஆட்டம் நீண்டு, பதினொன்றாம் இன்னிங்ஸில் டாட்ஜர்ஸ் வென்றது. 2⅔ இன்னிங்ஸ் எறிந்த யமமோட்டோவுக்கு விருது. பாஹெஸ் அந்தப் பந்தைத் தவறவிட்டிருந்தால் கோப்பையும் பெரும்பாலும் விருதும் டொராண்டோவுக்குப் போயிருக்கும். ஓய்வே இல்லாமல் அந்த நேரத்தில் யமமோட்டோ ஏற்றுக்கொண்ட வேலையோ, பிடித்தாலும் விட்டாலும், அதே அளவுதான்.