கூலியாகக் கடல் கடந்தோம், கற்பதற்குக் கடந்தவர் யார்?

சிவகாசியின் தொழில் வரலாறு ஒரு கல்விப் பயணத்தில் தொடங்குகிறது. 1920களின் தொடக்கத்தில் அய்யநாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். கோயில் நுழைவுக்காகப் போராடி, 1899இல் சிவகாசிக் கலவரத்தைச் சந்தித்த சமூகம் அவர்களுடையது. கற்றுத் திரும்பிய இருவர் ஒரு வட்டாரத்தின் முகத்தையே மாற்றினார்கள். அதே வட்டாரத்தில் வெடிவிபத்தில் வெந்த உடலுக்கு மருந்திட்டுக் கட்டும் செவிலியருக்கு இப்படியொரு பயணம் வாய்த்ததா?

செவிலியர் பணியின் வரலாறு சாதியின் வரலாறும்தான். இரத்தமும் மலமும் தீட்டு என்றவர்கள் அந்த வேலையை மற்றவர் தலையில் கட்டினார்கள். ஊரில் பிரசவம் பார்த்து, கொடி அறுத்து, நஞ்சுக்கொடியைப் புதைத்தவர்கள் மருத்துவச்சிகள். முடிதிருத்தும் சமூகப் பெண்களும் பல ஊர்களில் தலித் பெண்களும் அதைச் செய்தார்கள். கூலி, ஒரு படி நெல்லோ பழைய சேலையோ.

பின்னர் அரசு வந்தது. சென்னை பொது மருத்துவமனையில் 1871இல் செவிலியர் பள்ளி தொடங்கியது. 1926இல் சென்னை மாகாணச் செவிலியர், பேறுகால உதவியாளர் சட்டம் பதிவு முறையைக் கொண்டுவந்தது. பதிவுக்குச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்குப் பள்ளிப்படிப்பு வேண்டும். தலைமுறைகளாகப் பிரசவம் பார்த்த கைகள் ‘பயிற்சி இல்லாதவை’ ஆயின. 1946இல் போர் குழு எண்ணிப் பார்த்தபோது 43,000 பேருக்கு ஒரு செவிலியர்தான் இருந்தார். அதே ஆண்டில் வேலூரிலும் டெல்லியிலும் செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கியது.

வெளிநாட்டுக் கல்விக்கான கதவு இந்தப் படிக்கட்டின் உச்சியில்தான் இருந்தது. ராக்பெல்லர் அறக்கட்டளை, 1948க்குப் பின் உலக சுகாதார நிறுவனம், 1951இல் தொடங்கிய கொழும்புத் திட்டம் ஆகியவை செவிலியர்களுக்கும் உதவித்தொகை தந்தன. ஆங்கிலமும் பதிவு பெற்ற படிப்பும் உள்ளவர்களே அவற்றை எட்ட முடிந்தது. ஆனால் கடல் கடப்பது நமக்குப் புதிதல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலேயா ரப்பர் தோட்டங்களுக்கும் நம் முன்னோர்கள் ஆயிரக்கணக்கில் போனார்கள். அவர்களை அழைத்துப் போனது கங்காணி, பல்கலைக்கழகம் அல்ல.

1913இல் பரோடா அரசின் உதவித்தொகையில் கொலம்பியா சென்றார் அண்ணல் அம்பேத்கர். திரும்பி வந்து பத்தாண்டு பணியாற்ற வேண்டும் என்பது ஒப்பந்தம். 1917இல் திரும்பியவருக்கு பரோடாவில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. கற்க அனுப்புவது பாதி வேலைதான். கற்றதைப் பயன்படுத்த இடம் தருவது மீதிப் பாதி.

இன்றைய நிலை என்ன? 1954-55 முதல் நடக்கும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் மட்டுமே. டிப்ளமோ முடித்த செவிலியருக்கோ துணைச் செவிலியருக்கோ அதில் இடமில்லை. மூன்று மாதம் சென்று தீக்காயப் பராமரிப்பைக் கற்றுத் திரும்பவும் அதில் வழியில்லை. தாட்கோ செவிலியர்களுக்கு ஜெர்மன் மொழிப் பயிற்சி தருகிறது. வரவேற்போம், நல்ல சம்பளம் ஒரு குடும்பத்தை நிமிர்த்தும். ஆனால் அது வேலைக்கான ஒருவழிப் பயணம். கல்விப் பரிமாற்றம் என்றால் போகவும் வேண்டும், திரும்பவும் வேண்டும், அங்கிருந்து ஒருவர் இங்கு வந்து கற்கவும் வேண்டும்.

இங்கு கற்க என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அத்தகைய நாட்களில் தீக்காயப் பிரிவில் நின்ற செவிலியரின் அனுபவம் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் பாடம்தான்.

தோழர்களே, நம் கோரிக்கைகள் மூன்று. அயல்நாட்டு உதவித்தொகையில் குறுகிய காலப் பயிற்சியைச் சேர்க்க வேண்டும். டிப்ளமோ செவிலியரும் துணைச் செவிலியரும் விண்ணப்பிக்க வழி வேண்டும். திரும்பி வருபவருக்கு, 2022இல் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியிலோ சிவகாசி அரசு மருத்துவமனையிலோ கற்பிக்கும் பொறுப்பும் அதற்குரிய பதவியும் வேண்டும். அண்ணலுக்கு மறுக்கப்பட்ட அந்த அறையை நம் செவிலியருக்காவது கேட்டு வாங்குவோம்.