காற்றைக் குளிர வைத்த கதை

சைக்கிளுக்குக் காத்தடிச்சுட்டு பம்போட அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்திருக்கீங்களா? சுடும். காற்றை அமுக்கினால் சூடாகும், அவ்வளவுதான் விஷயம். லாரி எஞ்சின்காரர்களைப் பல வருஷம் படுத்தி எடுத்தது இந்தச் சின்ன விஷயம்தான்.

சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905ல் ஒரு காப்புரிமை வாங்கினார். வீணாக வெளியே போகும் புகையைக் கொண்டே ஒரு விசிறியைச் சுற்றவைத்து, எஞ்சினுக்குள் அதிகக் காற்றைத் திணிக்கலாம் என்பது யோசனை. அதிகக் காற்று இருந்தால் அதிக டீசலை எரிக்கலாம். அதை உருப்படியாக ஓட்டிக் காட்ட அவருக்கு 1925 வரை ஆனது! கப்பல்களுக்கும் ரயில்களுக்கும் முதலில் போன டர்போ, 1938ல் சுவிட்சர்லாந்தின் சௌரர் மூலம் லாரி எஞ்சினுக்கு வந்தது. 1954ல் ஸ்வீடனின் வால்வோ, டைட்டன் லாரியில் டர்போ பொருத்தி 150 குதிரைத்திறனை 185 ஆக்கியது.

சரி, இன்னும் அமுக்கினால் இன்னும் சக்தி வருமே? இங்கேதான் பம்ப் சூடு வந்து நிற்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். 30 டிகிரி காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டு போகிறோம். கம்ப்ரசரின் திறன் 70 சதவீதம் என்றால் காற்று சுமார் 125 டிகிரியில் வெளியே வரும். சூடான காற்று விரிந்துவிடும் இல்லையா, அதனால் அழுத்தம் இரட்டிப்பானாலும் சிலிண்டருக்குள் போகும் காற்றின் எடை ஒன்றரை மடங்குதான். மீதி சூட்டிலேயே போச்சு. அதே காற்றை 50 டிகிரிக்குக் குளிர்வித்தால் கிட்டத்தட்ட 1.9 மடங்கு! (குழாயில் கொஞ்சம் அழுத்தம் குறையும், அதை விட்டுவிட்டேன்.)

பிறகு ஏன் 1954லேயே இதைச் செய்யவில்லை? அப்போதைய டர்போக்கள் லேசாகத்தான் அமுக்கின, சூடும் குறைவு. அழுத்தம் ஏற ஏறத்தான் தொல்லை பெரிதானது. 1973ல் நெதர்லாந்தின் டாஃப், டர்போவோடு இன்டர்கூலரையும் சேர்த்து லாரியில் கொண்டு வந்தது. அவர்களுடைய 11.6 லிட்டர் எஞ்சின், பிரிட்டிஷ் லேலண்டின் 680ல் இருந்து வளர்ந்தது. ஆமாம், நம்ம அசோக் லேலண்ட் பெயரில் இருக்கும் அதே லேலண்ட் :-) அதே வருஷம் எண்ணெய் விலை எகிறியதால், டீசலை மிச்சம் பிடிப்பது எல்லோருக்கும் கவலையானது.

எதை வைத்துக் குளிர்விப்பது என்பதிலும் இரண்டு கட்சி. எஞ்சின் தண்ணீரையே பயன்படுத்துவது வசதி, ஆனால் அந்தத் தண்ணீரே 85 டிகிரிக்கு மேல் இருக்கும். அதற்குக் கீழே காற்றை எப்படி இறக்குவது? ரேடியேட்டருக்கு முன்னால் இன்னொரு கூலரை நிறுத்தி எதிர்க்காற்றாலேயே குளிர்விப்பதுதான் எனக்குப் புத்திசாலித்தனமாகத் தெரிகிறது. இடம் அடைக்கும், புழுதியும் பூச்சியும் அடைக்கும், இருந்தாலும் ஜெயித்தது அதுதான். ஸ்கேனியாவின் 14 லிட்டர் வி8, 1969ல் 350 குதிரைத்திறன். 1982ல் இன்டர்கூலரோடு 420.

கடைசியில் இன்டர்கூலரைக் கட்டாயமாக்கியது சக்தி அல்ல, புகை. உள்ளே போகும் காற்று சூடாக இருந்தால் எரியும் வெப்பமும் கூடி நைட்ரஜன் ஆக்சைடுகள் பெருகும். அமெரிக்காவில் 1991ல் கனரக டீசல்களுக்கான வரம்பு, ஒரு குதிரைத்திறன் மணிக்கு 5 கிராம் என்று இறுகியபோது, "கூலர் வேண்டாம், செலவு அதிகம்" என்று சொல்லிக்கொண்டிருக்க யாராலும் முடியவில்லை.